100 குடும்பங்களில் எத்தனை குடும்பம் வீடு மாற வேண்டும்? - அமெரிக்க நகரங்களின் நிறப் பிரிவினையை அளக்கும் ஓர் எண்!

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், ‘8 மைல் சாலை’க்குத் தெற்கே, வீடுகளின் பின்பக்கமாக ஒரு சுவர் ஓடுகிறது. உயரம் 6 அடி. நீளம் அரை மைல். அது சிறைச்சாலைச் சுவரும் அல்ல, தொழிற்சாலைச் சுவரும் அல்ல. 1941-ம் ஆண்டு, ஒரு ரியல் எஸ்டேட் அதிபர் கட்டிய சுவர். ஒரு பக்கம், கறுப்பின மக்கள் ஏற்கெனவே வாழ்ந்துவந்த குடியிருப்பு. இன்னொரு பக்கம், வெள்ளையர்களுக்காக அவர் போட்ட புது லே-அவுட்.

எதற்கு இந்தச் சுவர்? லோன் கிடைப்பதற்காக! அன்று வீட்டுக்கடன்களுக்கு உத்தரவாதம் கொடுத்துவந்தது, அமெரிக்க அரசின் ‘ஃபெடரல் ஹவுசிங் அட்மினிஸ்ட்ரேஷன்’ என்ற அமைப்பு. கறுப்பினக் குடியிருப்புக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் மனைகளை நம்பி உத்தரவாதம் தர அது தயங்கியது. அதிபர் நடுவே சுவரை எழுப்பினார். உத்தரவாதம் கிடைத்துவிட்டது.

அந்தச் சுவர் இன்றும் இருக்கிறது. அதன் ஒரு பகுதியில் மக்கள் வண்ண ஓவியங்கள் தீட்டியிருக்கிறார்கள். இப்போது சுவரின் இரண்டு பக்கமும் கறுப்பினக் குடும்பங்களே அதிகம். வெள்ளையர்களில் பெரும்பாலானவர்கள் நகரத்தை விட்டே கிளம்பி, புறநகர்களுக்குப் போய்விட்டார்கள். இன்று டெட்ராய்ட் நகர மக்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் கறுப்பினத்தவர். 8 மைல் சாலைதான் நகரத்தின் வடக்கு எல்லை. அதைத் தாண்டினால் ஆட்களின் நிறம் மாறும், பள்ளிக்கூடம் மாறும், வீட்டின் விலையும் மாறும்.

செங்கல் சுவர் என்றால் டேப் வைத்து அளந்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத இந்தப் பிரிவினையை எப்படி அளப்பது?

வீடு வீடாகப் போன ஆய்வாளர்

இந்தக் கேள்வி 100 வருடங்களுக்கும் மேல் பழையது. கறுப்பின அறிஞரான டபிள்யூ.இ.பி. டுபாய்ஸ், 1890-களில் பிலடெல்பியா நகரின் ஏழாவது வார்டில் வீடு வீடாக ஏறி இறங்கினார். வீட்டில் எத்தனை பேர், என்ன வேலை, எவ்வளவு வாடகை என்று கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அதை வைத்து வீட்டுக்கு வீடு வண்ணம் தீட்டிய வரைபடமும் போட்டார். 1899-ல் அது புத்தகமாக வெளிவந்தது.

ஒரு வார்டுக்கு இது சரி. ஆனால், பல லட்சம் பேர் வாழும் ஊரில் என்ன செய்வது? சிகாகோ, நியூயார்க் இரண்டில் எங்கே பிரிவினை அதிகம் என்று எப்படிச் சொல்வது? அதற்கு எல்லா ஊருக்கும் பொதுவான ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. அப்போது ஆளுக்கோர் அளவுகோலை வைத்திருந்தார்கள். 1955-ல் ஓடிஸ் டட்லி டங்கன், பெவர்லி டங்கன் என்ற இரு சமூகவியலாளர்கள் அவற்றையெல்லாம் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். அதன் பிறகு ஓர் எண் முன்னுக்கு வந்தது. ‘டிஸ்சிமிலாரிட்டி இண்டெக்ஸ்’ என்று அதற்குப் பெயர். நாம் சுருக்கமாக ‘பிரிவினை எண்’ என்றே வைத்துக்கொள்வோம்.

ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்!

பேரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கற்பனை ஊர். அதில் 100 கறுப்பினக் குடும்பங்கள், 400 வெள்ளையர் குடும்பங்கள். மொத்தம் நான்கு வார்டுகள்.

முதல் வார்டில் கறுப்பினக் குடும்பங்கள் 70, வெள்ளையர் குடும்பங்கள் 40. இரண்டாம் வார்டில் 20, 120. மூன்றாம் வார்டில் 10, 120. நான்காம் வார்டில் கறுப்பினக் குடும்பம் ஒன்றுகூட இல்லை, வெள்ளையர் 120.

இதைச் சதவிகிதமாக மாற்றுங்கள். ஊரிலுள்ள கறுப்பினக் குடும்பங்களில் 70 சதவிகிதம் முதல் வார்டில் இருக்கிறது. வெள்ளையர்களில் 10 சதவிகிதம்தான் அங்கே. வித்தியாசம் 60. இப்படியே மற்ற வார்டுகளுக்கும் போட்டால், வித்தியாசம் 10, 20, 30 என்று வரும். எல்லாவற்றையும் கூட்டினால் 120. அதில் பாதி 60. அவ்வளவுதான், அந்த ஊரின் பிரிவினை எண் 60.

இந்த 60-க்கு அர்த்தம் என்ன? எல்லா வார்டிலும் இரண்டு இனத்தவரும் ஒரே விகிதத்தில் கலந்து வாழ வேண்டுமென்றால், 100 கறுப்பினக் குடும்பங்களில் 60 குடும்பங்கள் வேறு வார்டுக்கு வீடு மாற வேண்டும். முதல் வார்டிலிருந்து 60 குடும்பங்களைக் கிளப்பி, மற்ற மூன்று வார்டுகளுக்கும் 10, 20, 30 என்று அனுப்பிப் பாருங்கள். கணக்குச் சரியாக வரும்.

எண் 0 என்றால் முழுக்கக் கலந்து வாழ்கிறார்கள். 100 என்றால் ஒரு வார்டில்கூட இரண்டு இனத்தவரும் சேர்ந்து இல்லை. 30-க்குள் இருந்தால் பிரிவினை குறைவு, 60-ஐத் தாண்டினால் மிக அதிகம் என்று ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

நிஜ அமெரிக்காவில் வார்டுக்குப் பதிலாக ‘சென்சஸ் டிராக்ட்’. சராசரியாக 4,000 பேர் வாழும் சின்னத் துண்டு அது. ஊருக்குப் பதிலாக ‘மெட்ரோபாலிட்டன் ஏரியா’, அதாவது மாநகர வட்டாரம். நடுவில் பெரிய நகரம், சுற்றிலும் அங்கே வேலைக்கு வந்துபோகிறவர்கள் வாழும் புறநகர்கள். எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு வட்டாரம்.

50 வருடங்களில் என்ன மாறியது?

1970-ல் அமெரிக்க மாநகர வட்டாரங்களில், கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் இடையிலான சராசரிப் பிரிவினை எண் கிட்டத்தட்ட 80. 2010 சென்சஸில் அது 59-ஐ ஒட்டி வந்தது. 2020-ல் சுமார் 55.

குறைந்திருக்கிறது, சந்தோஷம்தான். ஆனால், அரை நூற்றாண்டு கடந்த பிறகும் 100-ல் 55 பேர் வீடு மாற வேண்டும் என்றால், அது சின்ன எண்ணா?

அதுவும் இது சராசரிதான். 2010-ல் மில்வாக்கி வட்டாரத்தின் எண் 80-ஐத் தாண்டியிருந்தது. நியூயார்க், சிகாகோ, டெட்ராய்ட், கிளீவ்லேண்ட் ஆகியவை 70-க்கு மேல். இன்னொரு பக்கம் லாஸ் வேகாஸ், ஃபீனிக்ஸ், ராலே போன்ற வட்டாரங்கள் 50-க்கும் கீழே. பின்னால் சொன்னவை பெரும்பாலும் அண்மைக் காலத்தில் வளர்ந்தவை. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இன பேதம் பார்க்கக் கூடாது என்ற சட்டம் வந்த பிறகு, அங்கே ஏராளமான வீடுகள் எழுந்தன. பழைய தொழில் நகரங்களிலோ, அந்தச் சட்டத்துக்கு முன்பே யார் எங்கே வாழ்வது என்ற கோடுகள் விழுந்துவிட்டன.

‘அவரவர் ஆட்களோடு வாழ்கிறார்கள்... இதில் என்ன தப்பு?’

பலரும் கேட்கும் கேள்வி இது. பொருளாதார நிபுணர் தாமஸ் ஷெல்லிங்கும் இதை யோசித்தார். கட்டம் போட்ட பலகையில் இரண்டு வகை நாணயங்களை இஷ்டத்துக்குப் பரப்பினார். ‘என்னைச் சுற்றி என் வகை ஆட்கள் கொஞ்சம் பேராவது இருக்க வேண்டும்’ என்று ஒவ்வொரு நாணயமும் நினைப்பதாக வைத்துக்கொண்டார். அது நிறைவேறாத நாணயத்தைக் காலிக் கட்டத்துக்கு நகர்த்தினார். கொஞ்ச நேரத்தில் ஒரு வகை ஒரு பக்கம், இன்னொரு வகை மறுபக்கம் என்று கூட்டம் கூட்டமாகப் பிரிந்துவிட்டது. யாருக்கும் யார் மீதும் வெறுப்பு இல்லை. ஆனாலும் பிரிவினை வந்துவிட்டது. 1971-ல் அவர் இதை விரிவாக எழுதினார். 2005-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர் இவர்.

நல்ல பாடம்தான். ஆனால், அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஷெல்லிங்கின் நாணயங்களைப்போல இஷ்டப்பட்ட கட்டத்துக்கு நகர முடிந்ததா? இல்லை.

1910-களிலிருந்து 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் தென் மாநிலங்களின் கொடுமையிலிருந்து தப்பி, வேலை தேடி வடக்கு, மேற்கு நகரங்களுக்கு வந்தார்கள். அவர்களுக்கு எதிராகப் பத்திரத்திலேயே நிபந்தனை எழுதப்பட்டது. ‘இந்த வீட்டைக் கறுப்பினத்தவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது’ என்று தெருவே சேர்ந்து கையெழுத்துப் போட்டு வைத்துக்கொண்டது.

1930-களில் ‘ஹோம் ஓனர்ஸ் லோன் கார்ப்பரேஷன்’ என்ற அரசு நிறுவனம் 200-க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் தயாரித்தது. பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வண்ணம். சிவப்பு என்றால் ‘கடன் கொடுக்க ஆபத்தான பகுதி’. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் அநேகமாக எல்லாமே சிவப்பில் விழுந்தன.

சிகாகோவில் கார்ல் ஹான்ஸ்பெரி என்ற கறுப்பினத் தொழிலதிபர், 1937-ல் வெள்ளையர் பகுதியில் ஒரு வீடு வாங்கினார். பணம் இருந்தது, வாங்கினார். ஆனால், வீட்டு வாசலில் கும்பல் கூடியது. உள்ளே வீசப்பட்ட ஒரு கல், அவருடைய 7 வயது மகளின் தலையில் படாமல் மயிரிழையில் தப்பியது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், 1940-ல் அவர் ஜெயித்தார். அந்தச் சிறுமிதான் லொரெய்ன் ஹான்ஸ்பெரி. வெள்ளையர் பகுதியில் வீடு வாங்க நினைக்கும் ஒரு கறுப்பினக் குடும்பத்தின் கதையை, பிற்காலத்தில் ‘எ ரெய்சின் இன் தி சன்’ என்ற நாடகமாக எழுதினார். 1959-ல் அது மேடையேறியபோது, பிராட்வேயில் நாடகம் அரங்கேறிய முதல் கறுப்பினப் பெண் எழுத்தாளர் என்ற பெருமையும் அவருக்குக் கிடைத்தது.

பத்திர நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1966-ல் மார்ட்டின் லூதர் கிங், இந்தப் பிரச்னைக்காகவே சிகாகோவின் ஏழைப் பகுதியில் குடியேறிப் போராடினார். மார்க்வெட் பார்க் ஊர்வலத்தில் அவர் தலையில் கல்லடி விழுந்தது. 1968 ஏப்ரல் 4 அன்று அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். சரியாக ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 11 அன்று, வீட்டு விஷயத்தில் இன பேதத்தைத் தடை செய்யும் சட்டம் கையெழுத்தானது.

பணம் இருந்தால் சரியாகிவிடுமா?

‘இப்போதுதான் சட்டம் இருக்கிறதே, சம்பாதித்தால் நல்ல ஏரியாவுக்குப் போய்விடலாமே’ என்று தோன்றலாம். பிரவுன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் லோகன் 2011-ல் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஆண்டுக்கு 75,000 டாலருக்கு மேல் சம்பாதிக்கும் கறுப்பினக் குடும்பம், 40,000 டாலருக்கும் குறைவாகச் சம்பாதிக்கும் வெள்ளையர் குடும்பத்தைவிட, சராசரியாக அதிக வறுமை உள்ள பகுதியில்தான் வாழ்கிறது என்று தெரிய வந்தது.

காரணங்களில் ஒன்று 2019-ல் அம்பலமானது. நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலேண்டில், ‘நியூஸ்டே’ பத்திரிகை மூன்று வருடம் புலனாய்வு நடத்தியது. வீடு தேடுவதைப்போல ஜோடி ஜோடியாக ஆட்களை, ரகசிய கேமராவுடன் ரியல் எஸ்டேட் ஏஜென்ட்களிடம் அனுப்பியது. ஜோடியில் இருவருக்கும் ஒரே வசதி, ஒரே பட்ஜெட். இனம் மட்டும் வேறு. கறுப்பினத்தவர் போன சோதனைகளில் 49 சதவிகிதத்தில், வெள்ளையருக்குக் கிடைத்த நடத்தை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆசியர்கள் விஷயத்திலும் 19 சதவிகிதம் அப்படித்தான். யாரும் யாரையும் திட்டவில்லை. சிரித்த முகத்தோடு வேறு ஏரியாவின் லிஸ்ட்டை நீட்டினார்கள், அவ்வளவுதான்.

எண்ணுக்குத் தெரியாதவை

இந்தப் பிரிவினை எண் எல்லாவற்றையும் சொல்லிவிடுமா என்றால், இல்லை.

பழைய தென் நகரங்களில், வெள்ளையர் மாளிகைகளுக்குப் பின்சந்திலேயே கறுப்பின வேலையாட்களின் குடிசைகள் இருந்தன. பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்ததால் எண் குறைவாக வரும். அதற்காக அங்கே சமத்துவம் இருந்தது என்று சொல்ல முடியுமா?

கறுப்பினப் பகுதிகள் ஊர் முழுக்கச் சிதறி இருக்கின்றனவா, ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு பெரிய திட்டாக இருக்கின்றனவா என்பதும் இந்த எண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் 1988-ல் டக்ளஸ் மாஸி, நான்சி டென்டன் என்ற இரு ஆய்வாளர்கள், பிரிவினையை ஐந்து கோணங்களில் அளக்க வேண்டும் என்றார்கள். எவ்வளவு சீராகப் பரவியிருக்கிறார்கள், தினசரி வாழ்க்கையில் மற்ற இனத்தவரைப் பார்க்க எவ்வளவு வாய்ப்பு, எவ்வளவு நெருக்கி அடைத்து வாழ்கிறார்கள், நகரின் மையத்துக்கு எவ்வளவு அருகே, திட்டுகள் எவ்வளவு ஒட்டியிருக்கின்றன என்ற ஐந்து. பல கோணங்களிலும் ஒருசேரப் பிரிந்து கிடந்த வட்டாரங்களுக்கு ‘ஹைப்பர் செக்ரிகேஷன்’ என்று பெயர் வைத்தார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், எல்லையை எங்கே போடுகிறோம் என்பது. டெட்ராய்ட் நகரத்தை மட்டும் தனியாக எடுத்துக் கணக்குப் போட்டால், நகரத்துக்கும் புறநகருக்கும் நடுவே இருக்கும் பெரிய பிளவு கணக்கிலேயே வராது. வட்டாரம் முழுவதையும் சேர்த்தால்தான் தெரியும். இது வெறும் கணக்குத் தகராறு அல்ல. டெட்ராய்ட்டின் கறுப்பினக் குழந்தைகளையும் புறநகரின் வெள்ளையினக் குழந்தைகளையும் ஒரே பள்ளிகளில் கலந்து படிக்க வைக்கும் திட்டம், உச்ச நீதிமன்றம் வரை போனது. பிரிவினைக்குப் புறநகர்களும் காரணம் என்று நிரூபிக்காமல், அவற்றை இதில் இழுக்க முடியாது என்று 1974-ல் தீர்ப்பு வந்தது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், ஒரே ஒரு நீதிபதியின் வித்தியாசம். எல்லைக்கோடு நகர எல்லையிலேயே நின்றுவிட்டது.

முகவரியில் எழுதப்படும் ஆயுள்

அமெரிக்காவில் வீடு தேடும் நம் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். ‘அந்த ஏரியா ஸ்கூல் எப்படி?’ என்பதுதான் அவர்களின் முதல் கேள்வியாக இருக்கும். அங்கே அரசுப் பள்ளிகளின் செலவில் கணிசமான பங்கு, அந்தப் பகுதியின் சொத்து வரியிலிருந்து வருகிறது. வீட்டு விலை அதிகமென்றால் வரி அதிகம், பள்ளிக்கு வசதியும் அதிகம். வீட்டு விலை சரிந்தால் பள்ளியும் சரியும்.

பள்ளியோடு முடிவதில்லை. சிகாகோவில் வெள்ளையர் அதிகம் வாழும் ஸ்ட்ரீட்டர்வில் பகுதியில் சராசரி ஆயுள் 90 வருடம். அங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி, கறுப்பினத்தவர் அதிகம் வாழும் எங்கில்வுட்டில் 60 வருடம். நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட கணக்கு இது. ஒரே நகரம், 30 வருட வித்தியாசம்!

வெயில்கூட பாரபட்சம் பார்க்கிறது. 108 நகரங்களில் நடந்த ஓர் ஆய்வு 2020-ல் வெளியானது. 1930-களில் சிவப்பு வண்ணம் பூசப்பட்ட பகுதிகள், மற்ற பகுதிகளைவிட இன்றும் சராசரியாக சுமார் 2.6 டிகிரி செல்சியஸ் அதிகமாகக் கொதிக்கின்றன. அங்கே மரங்கள் குறைவு, தார்ச்சாலையும் கான்கிரீட்டும் அதிகம்.

இடம் மாறினால் வாழ்க்கை மாறுமா? 1990-களில் ஐந்து பெரிய நகரங்களில் 4,600 ஏழைக் குடும்பங்களை வைத்து அரசு ஒரு சோதனை நடத்தியது. நிறத்தை வைத்து அல்ல, வறுமையை வைத்து நடந்த சோதனை. ஆனால், பங்கேற்றதில் பெரும்பாலானவை கறுப்பின, ஹிஸ்பானிக் குடும்பங்கள். குலுக்கலில் வந்தவர்களுக்கு, வறுமை குறைந்த பகுதியில் வீடு எடுக்க வாடகை உதவி கிடைத்தது. பொருளாதார நிபுணர் ராஜ் செட்டியும் சகாக்களும் பல வருடம் கழித்துப் பார்த்தபோது, 13 வயதுக்குள் அப்படி இடம் மாறிய குழந்தைகள், 20-களின் நடுவயதில் மற்றவர்களைவிட 31 சதவிகிதம் அதிகம் சம்பாதித்தார்கள். 13 வயதுக்குப் பிறகு மாறியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. எவ்வளவு சின்ன வயதில் மாறினார்களோ, அவ்வளவு நல்லது.

கலந்து வாழ்வதற்கும் உழைக்க வேண்டும்

பிரிவினை தானாக வரவில்லை. தானாகப் போவதும் இல்லை. சிகாகோவின் புறநகரான ஓக் பார்க் இதைப் புரிந்துகொண்ட ஊர். 1960-களில் பக்கத்துப் பகுதிகளில் ஒரு தந்திரம் நடந்தது. ‘கறுப்பினத்தவர் வரப்போகிறார்கள், விலை விழுந்துவிடும்’ என்று புரோக்கர்கள் பீதியைக் கிளப்புவார்கள். வெள்ளையர்கள் அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டு ஓடுவார்கள். அதே வீடுகளைக் கறுப்பினக் குடும்பங்களுக்குக் கொள்ளை விலைக்கு விற்பார்கள்.

ஓக் பார்க் மக்கள் சுவர் கட்டவில்லை, ஓடவும் இல்லை. 1968-ல் தங்கள் ஊருக்கென வீட்டுச் சமத்துவச் சட்டம் போட்டார்கள். பீதி பரவாமல் இருக்க, ‘விற்பனைக்கு’ என்ற பலகைகளை வைக்கத் தடை விதித்தார்கள். 1972-ல் ஒரு வீட்டுவசதி மையம் தொடங்கி, வாடகைக்கு வருபவர்களை எந்த இனமானாலும் ஊரின் எல்லாப் பகுதிகளையும் பார்க்கச் சொல்லி ஊக்குவித்தார்கள். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் பல பத்தாண்டுகளாகக் கலந்து வாழும் ஊர் என்று அது இன்றும் உதாரணம் காட்டப்படுகிறது.

இதற்கெல்லாம் முதல் படி, அளப்பது. அரசின் வீட்டுவசதி நிதியைப் பெறும் ஊர்கள் தங்கள் பிரிவினையை ஆராய்ந்து, சரிசெய்யத் திட்டம் தர வேண்டும் என்று 2015-ல் ஒபாமா அரசு விதி கொண்டுவந்தது. நாம் மேலே போட்டுப் பார்த்த அதே எண்ணையும் அரசே கணக்கிட்டு ஊர்களுக்குக் கொடுத்தது. 2020-ல் டிரம்ப் அரசு அந்த விதியை ரத்து செய்தது. அதன் பிறகு ஆட்சி மாறும்போதெல்லாம் அது வருவதும் போவதுமாக இருக்கிறது.

பிரிவினை எண் 55 என்பது, ‘55 பேர் பெட்டியைக் கட்டுங்கள்’ என்ற உத்தரவு அல்ல. யாரையும் கட்டாயமாக இடம் மாற்றச் சொல்லி எந்த ஆய்வாளரும் கேட்கவில்லை. தங்களுக்குப் பிடித்த தெருவில், கையில் இருக்கும் காசுக்கு ஏற்ற வீட்டை, யாரும் முகத்தைப் பார்த்து வேறு லிஸ்ட்டை நீட்டாமல் வாங்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. அடுத்த சென்சஸ் 2030-ல். அப்போது வரும் எண்ணுக்கு, இன்று தொட்டிலில் இருக்கும் குழந்தைகள் 10 வயதுக்குள் இருப்பார்கள். அவர்கள் 13 வயதைத் தாண்டும் முன் அந்த எண் எவ்வளவு இறங்குகிறது என்பதில் இருக்கிறது விஷயம்.